காலதாமதப் பதிவு

19-11-2023, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டை இன்று முற்பகல் 11.40 மணிக்குத் தொடங்குகிறேன். தொடங்கச் சொன்னவள் என் மனைவி அம்சவேணி. பத்து மாதங்களாக அவள் மேட்டுப்பாளையத்தில் எங்கள் மகள் மஞ்சுளாவின் வீட்டில் இருக்கிறாள். சென்ற ஜனவரியில் அவளுக்கு ஏற்பட்ட உடல்நலக் குறைவே அதற்குக் காரணம். அவளுடைய கோழிகளை இதுவரை சரிவில் எங்களுக்குக் கீழ்வீட்டிலிருக்கும் பெர்னதெத் அம்மாள் பார்த்துவந்தார். அவருடைய கூண்டில் இப்போது குஞ்சுகள் பெருகிவிட்டபடியால், இன்று காலை இரண்டு கூடைகளில் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தார். பெட்டைக்கோழி ஏழு, சேவல் ஒன்று.

செய்தியைத் தொலைபேசியில் தெரிவித்தேன்.

"நீங்களா பாத்துக்கப் போறீங்க? கோழிக்கு எந்தப் பக்கம் வாயின்னு தெரியுமா உங்களுக்கு?" என்று சிரித்தாள் அம்சவேணி. பிறகு, "தெனமும் என்ன நடக்குதுன்னு எழுதி வைங்க. பொங்கலுக்கு வரப்போ நான் படிக்கணும். உங்களுக்குத்தான் எழுதறதுன்னா உசுராச்சே" என்றாள்.

அது உண்மையே. முப்பத்தோர் ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவாளராகப் பணிபுரிந்தேன். என் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட நிரப்பப்படாமல் இருந்ததில்லை. நிகழ்ந்த தேதிக்கு ஒரு கட்டம், பதிவு செய்த தேதிக்கு இன்னொரு கட்டம்; இரண்டையும் குழப்பிக்கொள்ளும் எழுத்தர்களை நான் மன்னித்ததில்லை.

21-11-2023, செவ்வாய்

கோழிகளுக்கு அம்சவேணி பெயரிட்டிருக்கிறாள். செம்பி, புள்ளி, டீச்சர் என்று போகிறது. சேவலின் பெயர் கலெக்டர். நிர்வாகத்துக்கு இது உதவாது. கால்களில் வண்ண நூல் கட்டி, 1 முதல் 7 வரை எண் கொடுத்தேன். முட்டைகளின்மேல் பென்சிலால் தேதி எழுதி அடுக்கினேன்.

குருணை கொண்டுவந்த பெர்னதெத் அம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"ரிஜிஸ்தர் சார், முட்டைக்கெல்லாம் பொறந்த தேதி போட்டாச்சா? அப்படியே பேரும் வெச்சு சர்ட்டிபிகேட் குடுத்துருங்க."

என் பதவிப் பெயர் பதிவாளர் என்று இத்துடன் பலமுறை அவருக்குச் சொல்லியாயிற்று.

26-11-2023, ஞாயிறு

புல்லை நனைக்கும் நீர்ப்பனி தொடங்கிவிட்டது. காலை 6 மணிக்குப் பின்சுவரில் உள்ள வெப்பமானி ஏழு பாகை காட்டியது. எங்கள் மலையூரான தலைகுந்தாவில் நீர்ப்பனி வந்தால் மூன்று வாரங்களுக்குள் உறைபனி வரும். புல் வெள்ளையாகும், தேயிலை கருகும்.

கூண்டு படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி இருக்கிறது. பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடைவெளிகள். மேல்புறத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கம்பிவலை மட்டுமே. இதை எந்த அறிவாளி இப்படி வடிவமைத்தாரோ தெரியவில்லை. மைதா மாவில் பசை காய்ச்சி, செய்தித்தாளை இரண்டங்குல அகலத்தில் கீறி, எல்லா இடைவெளிகளையும் இரண்டு அடுக்காக ஒட்டினேன். கம்பிவலையின்மேல் தார்ப்பாய் அடித்தேன். பசைக்கு மாவும் நீரும் என்ன அளவு என்பது எனக்கு நினைவிருக்கிறது, ஒன்றுக்கு ஆறு.

மாலையில் கூண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. தணல் நிரப்பிய கரிச்சட்டி வைக்கவில்லை. வைக்கும் எண்ணமும் இல்லை.

05-12-2023, செவ்வாய்

அம்சவேணி பேசினாள். வெகுநேரம் கோழிகளைப் பற்றியே கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மஞ்சுளா பக்கத்து அறையில் இருந்திருக்க வேண்டும்.

"ஏங்க, இங்க என்ன கேஸ் அடுப்புகூடப் பத்த வெக்க விடமாட்டேங்கறா. தீப்பெட்டிய பீரோவுல வெச்சுப் பூட்டறா. அவளச் சொல்லியும் குத்தமில்ல. நான் பண்ணி வெச்ச காரியம் அப்படி."

"அதைப் பற்றி இப்போது என்ன" என்றேன்.

"இல்லங்க. மூடின ரூமுக்குள்ள யாராச்சும் கரியடுப்ப வெச்சுக்கிட்டுப் படுப்பாங்களா? ஊருல வருஷா வருஷம் அப்படித்தான மூச்சு முட்டிச் சாகறாங்க, எனக்குத் தெரியாததா? அன்னிக்கி ராத்திரி சோறு தின்னதுக்கப்புறம் ஒண்ணுமே ஞாபகமில்ல. எப்படித்தான் வெச்சேனோ."

இணைப்பில் இரைச்சல் இருந்ததால் பேச்சை முடித்துக்கொண்டேன்.

08-12-2023, வெள்ளி

முட்டை இல்லை. நேற்றும் இல்லை. பகல் குறுகும் காலத்தில் இது இயல்பு என்கிறார்கள்.

11-12-2023, திங்கள்

எண் 4 தும்முகிறது. மூச்சு விடும்போது நீர்க்குமிழி உடைவது போன்ற ஓசை. சேவலின் கொண்டை நுனி கறுத்திருக்கிறது. கொண்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமென்று எடுத்தால், குப்பியில் அது மெழுகாக உறைந்துகிடக்கிறது. அடுப்பருகே வைத்து உருக்கித் தடவினேன்.

கூண்டினுள் கண்ணைக் கரிக்கும் நெடி. உள்பலகைகளில் நீர் கோத்திருந்தது. எங்கிருந்து வந்த நீர் என்று புரியவில்லை. மழை இல்லை, ஒழுக்கும் இல்லை. ஓரங்களில் காகிதம் ஊறித் தளர்ந்திருந்தமையால் மூன்றாவது அடுக்கு ஒட்டினேன்.

14-12-2023, வியாழன்

காலை 6.15 மணிக்கு எண் 4 இறந்துகிடக்கக் கண்டேன். கூண்டின் உள்மூலையில், தலையைச் சிறகுக்குள் செருகியபடி. அம்சவேணி 'டீச்சர்' என்று அழைப்பது இதைத்தான். கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

மாலையில் அவளுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அதுவாகவே காற்றுப் படாத மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது, கட்டையில் ஏறி உட்காரவில்லை, நாம் என்ன செய்ய முடியும் என்றேன்.

பிறகு, "பாவம். என்ன மாதிரியே அதுக்கும் புத்தி கெட்டுப்போச்சு போல" என்றாள்.

15-12-2023, வெள்ளி

எழுதத் தக்கது ஒன்றுமில்லை.

19-12-2023, செவ்வாய்

முதல் உறைபனி. வெப்பமானி ஒன்று காட்டியது. புல்லின்மேல் உப்பைக் கொட்டினாற்போல் இருந்தது. எண் 2-உம் எண் 6-உம் தும்முகின்றன.

25-12-2023, திங்கள்

பிற்பகல் 3 மணிக்கு பெர்னதெத் அம்மாள் கிறிஸ்துமஸ் கேக்குடன் வந்தார். கோழிகளைப் பார்க்க வேண்டுமென்று நேரே கொல்லைக்குப் போனார். கூண்டைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன சார் இது, கோழிய ஊறுகாயா போட்டு மூடி வெச்சிருக்கீங்க?"

"குளிருக்கு" என்றேன்.

கதவைத் திறந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார். எண் 2 தரையில் கிடந்தது. அப்போதுதான் இறந்திருக்க வேண்டும். உடல் இன்னும் விறைக்கவில்லை. காலையில் தீனி வைத்தபோது நின்றுகொண்டிருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"குளிரு கோழிய ஒண்ணும் செய்யாது சார். ஒடம்பு பூரா ரஜாய போத்திக்கிட்டுத் திரியுது அது. மூச்சுவிட்ட ஈரம் வெளிய போவணும், எச்சத்து நெடி வெளிய போவணும். காத்து வேணும் சார், காத்து! அதுக்குத்தான அந்த அம்மா மேல வலையா வுட்டுக் கட்டினாங்க? பத்து வருஷமா ஒரு கோழி பனியில செத்திருக்குமா?"

கூண்டை வடிவமைத்தவள் அம்சவேணி என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

சொல்லிக்கொண்டே அவர் காகிதங்களைக் கிழிக்கத் தொடங்கினார். தார்ப்பாயை உருவி எறிந்தார். கோழிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து நின்றன. சேவலும் கூவவில்லை, நின்றது.

மேல்வரிசைக் காகிதத்தைப் பிடித்து இழுத்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார். கூண்டுக்கு மேலே படுக்கையறை ஜன்னல். அதன் சட்டத்தைச் சுற்றிலும் இரண்டங்குல அகலக் காகிதப் பட்டைகள், ஓராண்டு வெயிலிலும் மழையிலும் பழுப்பேறி, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிப்புறமாக.

"இது யாரு சார் ஒட்டினது?"

கீழே கிடந்த தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினேன்.

"அந்த அம்மாவுக்கு எட்டாதே" என்றார். அம்சவேணி நாலடி பத்தங்குலம். அந்த ஜன்னலின் மேல்சட்டம் தரையிலிருந்து ஒன்பதடி. ஏணி இல்லாமல் எனக்கும் எட்டாது.

என்னை ஒருமுறை பார்த்தார். அதன்பின் அவர் கேலி எதுவும் பேசவில்லை. கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, "கேக்க எறும்பு ஏறாம வைங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

செம்பி, புள்ளி உட்பட ஐந்து பெட்டைகளும் சேவலும் மீதம்.

31-12-2023, ஞாயிறு

நான்கு இரவுகள் உறைபனி. ஒரு நாள் வெப்பமானி சுழியம் காட்டியது. கூண்டின் மேல்வலை திறந்தே இருக்கிறது. மரத்தூளை உலர்த்திப் போட்டேன். பெர்னதெத் அம்மாள் சொன்னபடி மாலையில் ஒரு பிடி சோளம் கொடுக்கிறேன். எண் 6 தும்முவதை நிறுத்திவிட்டது. ஐந்தும் கட்டையின்மேல் ஒன்றையொன்று ஒட்டி, உப்பிப்போய், சேவலை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. குளிரில் ஒன்றும் சாகவில்லை.

எண் 2-இன் மரணத்தை இன்னும் அம்சவேணிக்குத் தெரிவிக்கவில்லை.

06-01-2024, சனி

முட்டை ஒன்று. செம்பியுடையது. தேதி எழுதினேன்.

10-01-2024, புதன்

இன்றுடன் ஓராண்டு. கோழிகள் நலம்.

13-01-2024, சனி

காலை 9 மணிக்கு மஞ்சுளா பேசினாள். அம்சவேணி நாளை மறுநாள் வருவதாக இருந்தது. பேருந்துக்கு இருக்கைகூடப் பதிவாகிவிட்டது.

"அப்பா, அம்மா வரல. நேத்து தலைக்கு ஊத்திட்டு, பக்கத்து வீட்டுல தீப்பெட்டி வாங்கியாந்து சாம்பிராணி போட்டிருக்காங்க. ரூம் கதவ வேற சாத்திக்கிட்டு! நான் வந்து பாக்கறேன், ஒரே புகை. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கத்திட்டேன் நானு. சின்னப் புள்ளைய அடிக்கற மாதிரி கையத் தட்டி விட்டுட்டேன்ப்பா." அழுதாள். "இனி அவங்கள அங்க தனியா அனுப்ப மாட்டேன். உங்களாலயும் இருவத்திநாலு மணி நேரமும் காவல் காக்க முடியாது. கோழிய எல்லாம் குடுத்துருங்க."

சாம்பிராணி போடுவது தவறில்லை என்றேன். எல்லா வீட்டிலும் போடுகிறார்கள் என்றேன்.

"மத்தவங்க போடலாம்ப்பா. அம்மாவ நம்ப முடியாதே."

பிறகு அம்சவேணி வாங்கிப் பேசினாள். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குடுத்துருங்க. பெர்னதெத்துக்கே குடுத்துருங்க. உசுரு இருக்கற எதையும் இனி என்ன நம்பி விடக்கூடாது."

14-01-2024, ஞாயிறு, போகி

தெருவில் எல்லோரும் பழைய பாய்களையும் முறங்களையும் எரித்துக்கொண்டிருந்தார்கள். காலை 7 மணிக்கு ஏணி வைத்து ஏறி, ஜன்னலில் இருந்த காகிதப் பட்டைகளை உரித்தேன். வெந்நீரில் நனைத்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்தமையால் பல கிழியாமல் வந்தன. மொத்தம் இருபத்திரண்டு. ஒன்றில் செய்தித்தாளின் தேதி தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது: 02-01-2023.

பெர்னதெத் அம்மாள் கீழிருந்து குரல் கொடுத்தார். "குடுங்க சார், நெருப்புல போட்டுடறேன்."

"வேண்டாம். ஆவணம்" என்றேன்.

அவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

15-01-2024, திங்கள், பொங்கல்

நிகழ்ச்சி நடந்து ஓராண்டுக்குள் என்றால் தாமதக் கட்டணத்துடன் பதிவு செய்துகொள்ளலாம். ஓராண்டு கடந்துவிட்டால் பதிவாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. மேலிருந்து உத்தரவு வர வேண்டும். நான் ஐந்து நாள் பிந்திவிட்டேன். கீழ்க்காணும் நிகழ்ச்சி பிறப்புமன்று, இறப்புமன்று. இதற்குப் படிவமும் இல்லை. எனினும் எனக்குத் தெரிந்த முறை இது ஒன்றே.

நிகழ்ந்த தேதி: 09-01-2023 திங்கள் இரவு 9.30 முதல் 10-01-2023 செவ்வாய் காலை 6.20 வரை.

நிகழ்ந்த இடம்: தலைகுந்தா, எங்கள் வீட்டுப் படுக்கையறை.

தகவல் அளிப்பவர்: சு. தணிகாசலம், வயது 74. பாதிக்கப்பட்டவரின் கணவர்.

விவரம்: அம்சவேணிக்கு மூன்று நாட்களாக மூச்சிழுப்பு. குளிர்காற்றே காரணமென்று நான் முடிவு செய்தேன். 08-01-2023 அன்று ஏணியில் ஏறி, ஜன்னலின் இடுக்குகளை வெளியிலிருந்து காகிதம் ஒட்டி அடைத்தேன். மறுநாள் இரவு கரிச்சட்டியில் தணலை நிரப்பி, அவள் கட்டிலருகே வைத்தேன். வைத்தது நான். மூச்சு முட்டுகிறது, ஜன்னலைத் திறங்கள் என்று அவள் கேட்டாள். ஒட்டியதைப் பிரித்தால் உழைப்பு வீணாகும் என்றேன். மறுபடி கேட்டாள். கதவையாவது திறந்து வையுங்கள் என்று மூன்றாம் முறை கேட்டாள். சொன்னதைக் கேட்டுத் தூங்கு என்று கதவைச் சாத்திவிட்டு, அவளுடைய இருமல் என் உறக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்காக முன்னறையில் படுத்துக்கொண்டேன். காலையில் அவள் நினைவின்றிக் கிடந்தாள். மருத்துவமனையில் மருத்துவர், "கரியடுப்பை யார் வைத்தது?" என்று கேட்டார். "அவளே வைத்துக்கொண்டாள்" என்றேன். நான்கு நாள் கழித்து அவளுக்கு நினைவு திரும்பியபோது, அவளிடமும் அதையே சொன்னேன்.

தாமதத்துக்கான காரணம்:

இந்தக் கட்டத்தில் முற்பகல் முழுவதும் நின்றுவிட்டேன். குழப்பம் என்று எழுதினேன், அடித்தேன். அதிர்ச்சி என்று எழுதினேன், அடித்தேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது.

தாமதத்துக்கான காரணம்: மருத்துவர் கேட்டபோது என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

18-01-2024, வியாழன்

நேற்று காலை 7.10 பேருந்தில் மேட்டுப்பாளையம் போய்வந்தேன். கோழிகளைப் பெர்னதெத் அம்மாள் பார்த்துக்கொண்டார்.

கூடத்தில் இருவரையும் உட்காரச் சொல்லி, இந்தக் குறிப்பேட்டின் 19-11-2023 முதலான எல்லாப் பதிவுகளையும் உரக்கப் படித்தேன். எண் 4, எண் 2 ஆகியவற்றின் மரணங்களையும் படித்தேன். பொங்கல் நாளின் பதிவுக்கு வந்தபோது மஞ்சுளா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். முடித்து, கவரிலிருந்த இருபத்திரண்டு காகிதப் பட்டைகளையும் மேசைமேல் வைத்தேன். மின்விசிறிக் காற்றில் அவை பறந்தன. யாரும் பொறுக்கவில்லை.

அம்சவேணி என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலத் தொறக்கச் சொன்னேனா நானு?"

"சொன்னாய்."

"எத்தன தடவ?"

"ஜன்னலுக்கு இரண்டு. கதவுக்கு ஒன்று."

"சொல்லியிருக்கேன்" என்றாள். "மஞ்சு, கேட்டியா? நான் சொல்லியிருக்கேன்டி. எனக்குப் புத்தி சரியாத்தான் இருந்திருக்கு." பிறகு அழுதாள். ஓராண்டாக அவள் அழுது நான் கேட்டது பலமுறை. இது அந்த அழுகையன்று.

மஞ்சுளா சமையலறையிலிருந்து வந்தாள். பீரோவைத் திறந்தாள். தீப்பெட்டியை எடுத்துத் தன் தாயின் மடியில் வைத்தாள். என்னைக் கடந்து போனபோது, ஒரு நாற்காலியைச் சுற்றிப் போவதுபோல் போனாள்.

சற்றுநேரத்தில் அம்சவேணி எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது பற்றியது. எனக்கும் ஒரு டம்ளர் காப்பி வந்தது. நாற்பத்தாறு ஆண்டுகளாக அவள் காப்பியை ஆற்றித்தான் தருவாள். நேற்று ஆற்றாமல் மேசைமேல் வைத்தாள்.

புறப்படும்போது, "எப்போது வருகிறாய்?" என்று கேட்டேன்.

"வந்தாலும் வருவேன். தேதி மட்டும் கேக்காதீங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொள்ளும்போது பின்னாலிருந்து, "டீச்சர் தானா போய் ஒண்ணும் மூலையில ஒடுங்கியிருக்காது. அவ எப்பவும் வாசப்பக்கம் ஒக்கார்றவ" என்றாள்.

குறிப்பேட்டைக் கேட்டாள், கொடுத்துவிட்டு வர எண்ணினேன். ஆனால் நேற்றைய நாள் எழுதப்படாமல் இருந்தது. எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். இதோடு அஞ்சலில் சேர்க்கிறேன்.

04-02-2024, ஞாயிறு

புதிய ஏடு.

உறைபனி நின்றுவிட்டது, காலையில் ஒன்பது பாகை. கூண்டின் மேல்வலையும் படுக்கையறை ஜன்னலும் திறந்திருக்கின்றன. நான் இப்போது அந்த அறையில்தான் படுக்கிறேன். விடியற்காலையில் குளிர் கடுமையாக இருக்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டால் போதுமானது. அன்றும் அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

அஞ்சல் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இதுவரை தொலைபேசி வரவில்லை.

செம்பி மூன்று நாட்களாகக் கூட்டைவிட்டு எழுந்திருக்க மறுக்கிறாள். கையை நீட்டினால் கொத்துகிறாள். இந்தக் குளிரில் அடை வைக்கலாமா என்று பெர்னதெத் அம்மாளிடம் கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சார் கேக்கறீங்க? அவதான் சொல்றாளே. இந்தத் தடவயாச்சும் கேளுங்க" என்றார்.

இன்று காலை 10.20 மணிக்கு அவளுக்கடியில் ஒன்பது முட்டைகள் வைத்தேன்.

குஞ்சு பொரிக்கும் தேதி: 25-02-2024, ஞாயிறு.

அம்சவேணி வரும் தேதி: